அழித்தாலும் திரும்ப வரும் வென்வ்

பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃபிளாஸ்க் லைப்ரரியில் ஒரு புராஜெக்ட். வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் அதன் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் 'ஃபிளாஸ்க்==2.2.2' என்று ஒரே வரி. வெர்ஷனைப் பூட்டியாயிற்று, இனி எங்கே இன்ஸ்டால் செய்தாலும் இதேதான் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். 2023 செப்டம்பர் 30ஆம் தேதி ஃபிளாஸ்க் நம்பியிருக்கும் வெர்க்சூக் என்ற பேக்கேஜின் 3.0 வெளியானது. அதற்குப் பிறகு இதே ஃபைலை வைத்துப் புதிய சர்வரில் இன்ஸ்டால் செய்தால் நிரல் தொடங்குவதற்குள்ளேயே விழுந்துவிடும்: 'வெர்க்சூக்.யூஆர்எல்ஸ்' மாட்யூலில் 'யூஆர்எல்_குவோட்' என்ற பெயர் இல்லை என்று இம்போர்ட் எரர். முன்பே அமைத்த பழைய சர்வரில் அதே நிரல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. ஃபிளாஸ்க் 2.2.2 தனக்கு வேண்டியதைத் தன் மெட்டாடேட்டாவில் 'வெர்க்சூக் 2.2.2 அல்லது அதற்கு மேல்' என்று எழுதி வைத்திருந்தது. கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை இல்லை. 3.0 என்பதும் 'அதற்கு மேல்'தானே, பைத்தானின் இன்ஸ்டால் கருவியான பிப் அதை எடுத்துக்கொண்டது. 3.0இலோ அந்தப் பழைய ஃபங்ஷனை நீக்கிவிட்டார்கள். ஃபிளாஸ்க்கைப் பூட்டியவர் ஃபிளாஸ்க்கை மட்டும்தான் பூட்டியிருந்தார். ஃபிளாஸ்க் தனியாக வருவதில்லை. வெர்க்சூக், ஜிஞ்சா2, மார்க்அப்சேஃப், இட்ஸ்டேஞ்சரஸ், கிளிக் என்று இன்னும் ஐந்து பேர் கூடவே வருகிறார்கள். ஆறில் ஒன்றுக்குத்தான் பூட்டு.

உடனடித் தீர்வாக 'வெர்க்சூக்<3' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் இதே பள்ளம் மற்ற நான்கு பேக்கேஜ்களிலும் உண்டு. 2022 பிப்ரவரியில் மார்க்அப்சேஃப் 2.1.0 வந்தபோது 'சாஃப்ட்_யூனிகோட்' என்ற ஃபங்ஷன் போய், பழைய ஜிஞ்சா2 வெர்ஷன்கள் எல்லாம் இதே மாதிரி விழுந்தன. எனவே ஒவ்வொரு முறையும் ஓர் ஒட்டு போடுவதைவிட, என்விரான்மென்ட்டைப் பற்றிய பார்வையையே மாற்றிக்கொள்வது நல்லது. நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: வென்வ் (ஒரு புராஜெக்டின் பேக்கேஜ்களுக்கான தனி பைத்தான் என்விரான்மென்ட்) ஃபோல்டரை எந்த நேரத்திலும் தயங்காமல் அழிக்க முடிய வேண்டும். அழித்தபின் அதே பேக்கேஜ்கள், அதே வெர்ஷன்களில் திரும்ப வர வேண்டும். அழிக்கப் பயமாக இருக்கிறது என்றால், வேறு எங்கும் எழுதப்படாத தகவல் ஏதோ அந்த ஃபோல்டருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏன் ஒரு புராஜெக்டுக்கு ஒன்று

பைத்தான் ஒரு பேக்கேஜை 'சைட்-பேக்கேஜஸ்' என்ற ஃபோல்டரில் தேடுகிறது. அந்த ஃபோல்டரில் ஒரு பெயருக்கு ஒரு வெர்ஷன்தான் இருக்க முடியும். புதிய வெர்ஷனை இன்ஸ்டால் செய்தால் பிப் முதலில் பழையதை நீக்கிவிட்டுத்தான் இதை வைக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் உலகில் ஒவ்வொரு பேக்கேஜும் தன் 'நோட்_மாட்யூல்ஸ்' ஃபோல்டருக்குள் தனக்கென ஒரு வெர்ஷனை வைத்துக்கொள்ளலாம். ஒரே நிரலில் ஒரே லைப்ரரி இரண்டு வெர்ஷன்களில் ஓடும். பைத்தானில் அது நடக்காது. ஆகவே ஒரு புராஜெக்ட் பழைய பாண்டாஸையும் இன்னொன்று புதிய பாண்டாஸையும் கேட்டால், இரண்டுக்கும் தனித்தனி சைட்-பேக்கேஜஸ் வேண்டும். வென்வ் தருவது அதைத்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது பாதுகாப்பு வளையமும் இல்லை, டாக்கர் போன்ற தனி அறையும் இல்லை. வென்வில் ஓடும் நிரல் உங்கள் கணினியின் எல்லா ஃபைலையும் படிக்க முடியும்.

சிஸ்டத்தோடு வரும் பைத்தானில் நேரடியாக இன்ஸ்டால் செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. உபுண்டுவில் 'ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி', ஃபயர்வாலைக் கையாளும் 'யூஎஃப்டபிள்யூ' போன்றவை பைத்தானில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் பேக்கேஜை 'சூடோ பிப்' போட்டு மாற்றினால் சிஸ்டத்தின் கருவிகள் உடையும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12, அதற்குச் சற்று முன் வந்த உபுண்டு 23.04 முதல் இதற்குத் தடை போட்டுவிட்டார்கள். பைத்தானின் தர ஆவணமான பெப் 668 சொல்லும் முறைப்படி, பைத்தான் லைப்ரரி ஃபோல்டரில் 'எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட்' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைப் பார்த்ததும் பிப் வேலை செய்ய மறுத்துவிடும். எரரின் கூடவே '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற வழியையும் அது சொல்கிறது. இணையத்தில் பாதிப் பதில்கள் அதைத்தான் எடுத்துத் தருகின்றன. சிஸ்டத்தை உடைக்கிறேன் என்று அந்தப் பெயரே சொல்கிறது. உங்கள் கணினியில் அதைத் தட்டாதீர்கள். ஒரு புராஜெக்டுக்கு லைப்ரரி வேண்டுமானால் வென்வ் உருவாக்குங்கள். எங்கிருந்தும் கூப்பிடக்கூடிய தனிக் கருவி வேண்டுமானால் 'பிப்எக்ஸ்' பயன்படுத்துங்கள். அது ஒவ்வொரு கருவிக்கும் தனி வென்வ் அமைத்து, கமாண்டை மட்டும் வெளியே காட்டும்.

ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு 'பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்' என்று தட்டுகிறோம். டெபியன், உபுண்டுவில் 'என்ஷ்யூர்பிப்' இல்லை என்று எரர் வந்தால், 'பைத்தான்3-வென்வ்' என்ற பேக்கேஜை, சிஸ்டத்தின் இன்ஸ்டால் கருவியான ஆப்ட் மூலம் முதலில் போட வேண்டும். பாதியில் நின்ற ஃபோல்டரை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். விண்டோஸில் 'பை -3.11 -எம் வென்வ் .வென்வ்' என்று எந்த பைத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

உருவான ஃபோல்டரைத் திறந்து ஒரு முறை பாருங்கள். மேல்தட்டில் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அதில் 'ஹோம்' என்ற வரி, இந்த என்விரான்மென்ட் எந்த பைத்தானின் மேல் நிற்கிறது என்பதைச் சொல்லும். 'இன்க்ளூட்-சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' என்ற வரி ஃபால்ஸ் என்று இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் 'பின்' ஃபோல்டரில் இருக்கும் பைத்தான் உண்மையான பைத்தான் இல்லை, சிஸ்டத்தில் இருக்கும் பைத்தானைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் மட்டுமே. பைத்தான் தொடங்கும்போது தன் பக்கத்திலோ ஒரு தட்டு மேலேயோ 'பைவென்வ்.சிஎஃப்ஜி' இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் 'சிஸ்.பிரிஃபிக்ஸ்' அந்த ஃபோல்டராகிறது, சைட்-பேக்கேஜஸும் அங்கேயே. 'சிஸ்.பேஸ்_பிரிஃபிக்ஸ்' மட்டும் பழைய இடத்தையே காட்டும். இவை இரண்டும் வேறுபட்டால் நீங்கள் வென்வுக்குள் இருக்கிறீர்கள். 2012இல் வந்த பைத்தான் 3.3இலிருந்து இந்த ஏற்பாடு மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு முன் 2007இலிருந்து இயன் பிக்கிங் எழுதிய 'வர்ச்சுவல்என்வ்' இதே வேலையைச் செய்து வந்தது.

இது புரிந்தால் பல குழப்பங்கள் தானாகத் தீரும்.

முதலாவது, ஆக்டிவேட் செய்வது கட்டாயம் இல்லை. 'ஆக்டிவேட்' ஸ்கிரிப்ட் செய்வது மிகக் கொஞ்சம்: 'பாத்' மாறியின் தலைப்பில் '.வென்வ்/பின்' ஃபோல்டரைச் சேர்க்கிறது, 'வர்ச்சுவல்_என்வ்' என்ற மாறியை அமைக்கிறது, டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் பெயர் காட்டுகிறது. அவ்வளவுதான். லினக்ஸில் நிரல்களைத் தானாகத் தொடங்கும் கிரானிலோ சிஸ்டம்டியிலோ நிரலை ஓட்டும்போது 'சோர்ஸ் ஆக்டிவேட்' என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. '.வென்வ்/பின்/பைத்தான்' என்பதன் முழுப் பாதையையும் கொடுத்து, அதன்பின் ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தாலே அது சரியான சைட்-பேக்கேஜஸைப் பிடித்துக்கொள்ளும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் மாட்யூல் இல்லை என்கிறது என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

இரண்டாவது, வென்வை இடம் மாற்றக் கூடாது. '.வென்வ்/பின்/பிப்' ஃபைலைத் திறந்தால் முதல் வரியிலேயே பைத்தானின் முழுப் பாதை எழுதியிருக்கும். ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றினாலும், வேறு கணினிக்கு நகலெடுத்தாலும் அந்த வரி பழைய இடத்தையே காட்டும். 'பேட் இன்டர்பிரட்டர்' என்ற எரர் அங்கிருந்துதான் வருகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வென்வைச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. பைத்தான் 3.13 முதல் வென்வ் உருவாகும்போதே உள்ளே ஒரு கிட்இக்னோர் ஃபைலும் உருவாகிறது. பழைய வெர்ஷன் என்றால் நீங்களே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, சிஸ்டம் அப்கிரேடு. உபுண்டு 22.04இல் பைத்தான் 3.10, 24.04இல் 3.12. மேம்படுத்திய பிறகு பழைய வென்வின் சிம்லிங்க் 3.12ஐச் சுட்டும், பேக்கேஜ்களோ 'பைத்தான்3.10' என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் கிடக்கும். எல்லா ஃபைலும் டிஸ்கில் இருக்கும், ஆனால் எதையும் காணோம் என்று பைத்தான் சொல்லும். பழுது பார்க்க முயலாதீர்கள். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது ஒரு நிமிட வேலை, அதற்கான பதிவு உங்களிடம் இருந்தால்.

விண்டோஸில் பவர்ஷெல் 'ஆக்டிவேட்' ஸ்கிரிப்டை ஓட்ட மறுத்தால், எக்சிகியூஷன் பாலிசியை உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் 'ரிமோட்சைன்ட்' என்று மாற்றினால் போதும். 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வேண்டாம்.

எப்போதும் 'பிப்' என்று தனியாகத் தட்டாமல் 'பைத்தான் -எம் பிப்' என்று தட்டிப் பழகுங்கள். தனி பிப் எந்த பைத்தானுக்குச் சொந்தம் என்பது 'பாத்' வரிசையைப் பொறுத்தது. 'பைத்தான் -எம் பிப்' என்றால் நிரலை ஓட்டப்போகும் அதே பைத்தானுக்குத்தான் இன்ஸ்டால் ஆகும். ஜூபிட்டரிலும் இதே கதைதான். நோட்புக்கில் ஆச்சரியக்குறியோடு பிப் போட்டால் அது டெர்மினலின் பிப்பைக் கூப்பிடும். நோட்புக்கின் நிரலை ஓட்டும் கெர்னல் வேறு பைத்தானாக இருக்கலாம். சதவீதக்குறியோடு '%பிப்' என்று தட்டினால் கெர்னலுக்கே போகும். சந்தேகம் வந்தால் நோட்புக்கில் 'சிஸ்.எக்சிகியூட்டபிள்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

கேட்டதும் கிடைத்ததும்

வென்வை அழிக்கத் துணிவு தருவது பதிவு என்றேன். அந்தப் பதிவில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நான் கேட்டது: எனக்கு ஃபிளாஸ்க் வேண்டும், 2.2 வரிசையில் வேண்டும். மற்றது, எனக்குக் கிடைத்தது: இன்ன நாளில் இன்ன ஆறு பேக்கேஜ்கள், இன்னின்ன துல்லியமான வெர்ஷன்களில். இரண்டையும் ஒரே ஃபைலில் வைக்க முயல்வதுதான் பெரும்பாலான தொல்லைகளின் மூலம் என்பது என் கருத்து.

பலரும் செய்வது, இன்ஸ்டால் ஆகியிருப்பதையெல்லாம் பட்டியலிடும் 'பிப் ஃப்ரீஸ்' வெளியீட்டை அப்படியே ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் கொட்டுவது. ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் அதில் உள்ள 40 வரிகளில் எது நீங்கள் கேட்டது, எது தானாக வந்தது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. எப்போதோ சோதிக்கப் போட்டு மறந்த பேக்கேஜும் அதில் இருக்கும். ஃபிளாஸ்க்கை நீக்கினால் பிப் ஃபிளாஸ்க்கை மட்டும் நீக்கும், கூட வந்த ஐவரும் அங்கேயே இருப்பார்கள், ஃப்ரீஸிலும் வருவார்கள். விண்டோஸில் எடுத்த ஃப்ரீஸில் 'பைவின்32' இருந்தால் லினக்ஸ் சர்வரில் அந்த வரியிலேயே இன்ஸ்டால் நின்றுவிடும், ஏனென்றால் அது விண்டோஸுக்கு மட்டுமே உள்ளது. கோண்டா என்ற மாற்றுக் கருவியின் என்விரான்மென்ட்டில் எடுத்தால் வெர்ஷன் எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஒரு பில்டு கணினியின் ஃபைல் பாதை வந்து நிற்கும். விண்டோஸின் பழைய பவர்ஷெல் 5.1இல் அம்புக்குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பினால் அது யூடிஎஃப்-16இல் எழுதுகிறது. கிட் அதை பைனரி என்று எடுத்துக்கொள்வதால் என்ன மாறியது என்றே காட்டாது.

ஆகவே இரண்டு ஃபைல்கள். 'பிப்-டூல்ஸ்' என்ற கருவியில் இது மிகத் தெளிவாகத் தெரியும். 'ரிக்வயர்மென்ட்ஸ்.இன்' என்ற ஃபைலில் நீங்கள் நேரடியாக இம்போர்ட் செய்யும் பேக்கேஜ்களை மட்டும் எழுதுங்கள். 'பிப்-கம்பைல்' அதைப் படித்து, முழுப் பட்டியலையும் '==' குறியோடு 'ரிக்வயர்மென்ட்ஸ்.டெக்ஸ்ட்' ஃபைலில் எழுதும்; ஒவ்வொன்றும் யாரால் வந்தது என்பதை 'வியா ஃபிளாஸ்க்' என்று குறிப்பாகவும் சேர்க்கும். 'பிப்-சின்க்' என்விரான்மென்ட்டை அந்தப் பட்டியலோடு அப்படியே பொருத்தும். பட்டியலில் இல்லாததை நீக்கியும்விடும். முதல் ஃபைலை நீங்கள் எழுதுகிறீர்கள், இரண்டாவதைக் கருவி எழுதுகிறது. இரண்டையும் கிட்டில் வையுங்கள். இரண்டாவதைக் கையால் திருத்தாதீர்கள்.

'கேட்டது' ஃபைலில் எல்லையை எப்படி எழுதுவது? '~=' என்ற குறியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். '~=2.2.2' என்றால் 2.2.2 முதல் 2.3க்கு முன் வரை. '~=2.2' என்றால் 2.2 முதல் 3க்கு முன் வரை. கடைசி எண் மட்டும் நகரலாம் என்பதே விதி, ஆகவே எத்தனை புள்ளி வைக்கிறீர்கள் என்பது முக்கியம். நீங்கள் எழுதுவது மற்றவர்கள் இன்ஸ்டால் செய்யப்போகும் லைப்ரரி என்றால் கதை வேறு. அங்கே '==' போட்டுப் பூட்டினால், உங்கள் லைப்ரரியையும் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பவருக்குத் தீர்வே கிடைக்காமல் போகும். அப்ளிகேஷனுக்குக் கறாரான பூட்டு, லைப்ரரிக்குத் தளர்வான எல்லை.

தீர்வு கிடைக்காமல் போவது என்றேன். 2020 இறுதியில் வந்த பிப் 20.3க்கு முன்பு, இரண்டு பேக்கேஜ்கள் முரண்பட்ட வெர்ஷன்களைக் கேட்டால் முதலில் வந்தவர் கேட்டதை வைத்துவிட்டு பிப் நகர்ந்துவிடும். வெர்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் இப்போதைய ரிசால்வர் அப்படி விடாது. முரண்பாடு வந்தால் ஒவ்வொரு பழைய வெர்ஷனாகப் பின்னே போய்ப் பார்க்கும். ஒரே பேக்கேஜின் பத்து வெர்ஷன்களை வரிசையாக டவுன்லோடு செய்துகொண்டு பிப் நெடுநேரம் நிற்பதைக் கண்டால் நடப்பது இதுதான். காத்திருப்பதைவிட, எந்தப் பேக்கேஜில் சுற்றுகிறதோ அதற்கு ஒரு கீழ் எல்லை கொடுப்பது வேகமான வழி. ஏற்கெனவே இருக்கும் என்விரான்மென்ட்டில் முரண் உண்டா என்று பார்க்க 'பிப் செக்' போதும்.

இன்று புதிதாகத் தொடங்கும் புராஜெக்டுக்கு நான் யூவியைத்தான் சொல்வேன். ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட, ரஸ்ட் மொழியில் எழுதிய கருவி. 'யூவி ஆட் ஃபிளாஸ்க்' என்றால் கேட்டதை 'பைபிராஜெக்ட்.டாம்ல்' ஃபைலிலும் கிடைத்ததை 'யூவி.லாக்' ஃபைலிலும் எழுதும். லாக் ஃபைல் எல்லா ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்கும் சேர்த்தே தீர்க்கப்படுவதால் பைவின்32 மாதிரியான சிக்கல் எழாது. சர்வரிலும் சிஐயிலும் (நிரலைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) 'யூவி சின்க் --லாக்ட்' என்று ஓட்டுங்கள். டாம்ல் ஃபைலும் லாக் ஃபைலும் ஒத்துப்போகவில்லை என்றால் தானாகச் சரிசெய்யாமல் எரர் தரும், அதுதான் நமக்கு வேண்டியது. வேகம் அதன் பெரிய பலம். ஒருமுறை இறக்கியதைப் பொதுக் கேஷில் வைத்து அங்கிருந்தே இணைப்பதால், வென்வை அழித்து மீண்டும் உருவாக்குவது சில நொடிகளில் முடிகிறது. வேகமாக நடப்பதைத்தான் மனிதர்கள் அடிக்கடி செய்வார்கள்.

அதில் ஒரு குழி உண்டு, சொல்லிவிடுகிறேன். யூவி உருவாக்கும் வென்வில் பிப் இருக்காது. ஆக்டிவேட் செய்துவிட்டுப் பழக்கத்தில் 'பிப் இன்ஸ்டால்' தட்டினால் 'பாத்' வரிசையில் அடுத்து இருக்கும் வேறு பிப் ஓடி, பேக்கேஜ் வேறு எங்கோ போய் உட்காரும். 'யூவி ஆட்' அல்லது 'யூவி பிப் இன்ஸ்டால்' பயன்படுத்துங்கள்.

கோண்டா பற்றிச் சுருக்கமாக. கூடா, ஜிடால் போல பைத்தான் அல்லாத லைப்ரரிகளும் சேர்ந்தே வேண்டும் என்றால் அது இன்னும் நல்ல தேர்வு. முதலில் கோண்டாவில் வேண்டியதையெல்லாம் போட்டு முடித்து, பிறகு மிச்சத்துக்கு மட்டும் பிப் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பிப் மாற்றியதைக் கோண்டாவின் கணக்கு சரிவர அறியாது. 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் கோண்டாவை உருவாக்கிய அனகோண்டாவின் சொந்தச் சேனலுக்கு (பேக்கேஜ் கிடங்கு) கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். மினிஃபோர்ஜ் என்ற இன்ஸ்டாலர் கோண்டா-ஃபோர்ஜ் என்ற பொதுச் சேனலை எடுத்துக்கொள்வதால் அந்தக் கேள்வி வராது.

பூட்டியும் உடைவது

எல்லா வெர்ஷனையும் பூட்டிய பிறகும் இன்ஸ்டால் உடையலாம். 2023 ஜூலையில் பைஆம்ல் 5.4.1 என்று கச்சிதமாகப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கும் 'சைத்தான்_சோர்சஸ்' என்று புரியாத ஓர் அட்ரிபியூட் எரர் வந்தது. நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஒரு பேக்கேஜ் இரண்டு வடிவங்களில் கிடைக்கலாம்: ஏற்கெனவே கம்பைல் செய்த வீல், அல்லது மூல நிரல். வீலின் பெயரிலேயே எந்த பைத்தான், எந்தச் சிஸ்டம், எந்தப் பிராசசர் என்று எழுதியிருக்கும். பைஆம்ல் 5.4.1க்கு பைத்தான் 3.9 வரைதான் வீல் உண்டு. 3.10இல் ஓட்டியவர்களுக்கு பிப் மூல நிரலை இறக்கி அங்கேயே பில்டு செய்தது. பில்டு செய்ய ஒரு தற்காலிகத் தனி என்விரான்மென்ட் உருவாகும். அதற்குள் எந்தக் கருவிகள் வேண்டும் என்பதைப் பேக்கேஜே சொல்லும். பைஆம்ல் 'சைத்தான் வேண்டும்' (சைத்தான் என்பது நிரலைச் சி மொழிக்கு மாற்றும் கருவி) என்று மட்டும் எழுதியிருந்தது, வெர்ஷன் எல்லை இல்லை. அந்த மாதம் சைத்தான் 3.0 வெளியானதும் பில்டு உடைந்தது. உங்கள் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் 'சைத்தான்<3' என்று சேர்த்தும் பயன் இல்லை, ஏனென்றால் அந்த வரி தனி என்விரான்மென்ட்டுக்குள் எட்டாது. பைஆம்ல் 6.0.1க்கு மாறியதே நேரான தீர்வு.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: எந்த பைத்தான் வெர்ஷன் என்பதும் பூட்டின் ஒரு பகுதி. பேக்கேஜ் எண்ணெல்லாம் சரியாக இருந்தும் பைத்தான் 3.9க்குப் பதில் 3.12 வந்தால் வீல் இல்லாமல் போகலாம். 3.12இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' மொழியிலிருந்தே நீக்கப்பட்டது, புதிய வென்வுக்குள் செட்அப்டூல்ஸும் தானாக வருவதில்லை. ஆகவே பழைய பேக்கேஜ்கள் பல அங்கே திணறும். இன்ஸ்டால் செய்யும்போது ஜிசிசி கம்பைலரின் எரர்கள் பக்கம் பக்கமாக ஓடினால், கம்பைலரைத் தேடி ஓடுவதற்கு முன் அந்த வெர்ஷனுக்கு உங்கள் பைத்தானில் வீல் இருக்கிறதா என்று பைபிஐ பக்கத்தில் பாருங்கள். சிஐயில் '--ஒன்லி-பைனரி' கொடுத்தால், வீல் இல்லாதபோது பில்டு செய்யப் போகாமல் உடனே சொல்லிவிடும். டாக்கரில் ஆல்பைன் இமேஜ் சிறியது என்று எடுப்பவர்களும் இதையே சந்திக்கிறார்கள். ஆல்பைன் மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரியில் ஓடுவதால் வழக்கமான லினக்ஸ் வீல்கள் அங்கே பொருந்தாது. மஸ்லுக்கெனத் தனி வீல் வெளியிடாத பேக்கேஜ் எல்லாம் மூலத்திலிருந்து பில்டு ஆகும். 'ஸ்லிம்' இமேஜ் எடுத்தால் நேரம் மிச்சம்.

இன்ஸ்டால் சுத்தமாக முடிந்து, ஓடும்போது உடைவது இன்னொரு வகை. 2024 ஜூன் 16 அன்று, எண் கணக்குகளுக்கான லைப்ரரியான நம்பையின் 2.0 வந்தது. நம்பை 1 வரிசையை வைத்து கம்பைல் செய்த பேக்கேஜ்கள் அதோடு ஒத்துப்போகாது. பாண்டாஸ் 2.0.3 நம்பைக்கு மேல் எல்லை வைக்கவில்லை. ஆகவே பிப் இரண்டையும் சேர்த்து வைக்க, இம்போர்ட் செய்ததும் 'நம்பை.டிடைப் அளவு மாறிவிட்டது, 96 எதிர்பார்த்தோம், 88 கிடைத்தது' என்ற பொருளில் எரர் வந்தது. இந்த மாதிரி எண்களோடு வரும் எரரில் உங்கள் நிரலைத் தேடிப் பயன் இல்லை. இரண்டு கம்பைல் செய்த பேக்கேஜ்கள் ஒன்றையொன்று வேறு வடிவத்தில் எதிர்பார்க்கின்றன. 'நம்பை<2' என்று பூட்டுங்கள், அல்லது பாண்டாஸை 2.2.2க்கோ அதற்கு மேலோ கொண்டுபோங்கள்.

பெயரும் பாதுகாப்பும்

இம்போர்ட் செய்யும் பெயரும் இன்ஸ்டால் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'சிவி2' வேண்டுமானால் 'ஓப்பன்சிவி-பைத்தான்' போட வேண்டும். 'பிஐஎல்' வேண்டுமானால் 'பில்லோ'. தமிழ் எழுத்துகளைப் பிரித்துக் கையாள உதவும் 'ஓப்பன்-தமிழ்' பேக்கேஜை இம்போர்ட் செய்யும்போது வெறும் 'தமிழ்' என்றுதான் எழுதுவோம். மாட்யூல் இல்லை என்ற எரரைப் பார்த்ததும் அந்தப் பெயரையே பிப்பில் தட்டுவது ஆபத்து. பைபிஐயில் யாரும் எந்தப் பெயரிலும் பதிவேற்றலாம். மூல நிரலாக வரும் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போதே தன் நிரலை உங்கள் கணினியில் ஓட்டவும் முடியும்.

இது வெறும் அச்சம் இல்லை. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச்சின் நைட்லி (தினசரிச் சோதனை) வெர்ஷனை லினக்ஸில் பிப் மூலம் போட்டவர்களுக்கு 'டார்ச்ட்ரைட்டன்' என்ற போலிப் பேக்கேஜ் வந்தது. உண்மையான டார்ச்ட்ரைட்டன் பைடார்ச்சின் சொந்த இண்டெக்ஸில் (பேக்கேஜ் கிடங்கில்) இருந்தது. அதே பெயரில் ஒருவர் பைபிஐயில் பதிவேற்ற, அதுவே உள்ளே வந்துவிட்டது. எஸ்எஸ்எச் சாவிகள் உள்ளிட்டவற்றைத் திருடி வெளியே அனுப்பியது. '--எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல்' கொடுத்தால் பிப் இரண்டு இண்டெக்ஸையும் சமமாகவே பார்க்கும், எதற்கும் முன்னுரிமை தராது. உங்கள் அலுவலகத்தில் சொந்த இண்டெக்ஸ் இருந்தால், அங்குள்ள பேக்கேஜ் பெயர்கள் பைபிஐயில் யாரிடம் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். யூவி முதலில் கண்ட இண்டெக்ஸோடு நின்றுவிடுவதால் இதில் சற்றுப் பாதுகாப்பு. 'பிப்-கம்பைல் --ஜெனரேட்-ஹாஷஸ்' என்று ஓட்டினால் ஒவ்வொரு ஃபைலின் ஹாஷும் (கைரேகை போன்ற அடையாளம்) பட்டியலில் சேரும்; ஹாஷ் பொருந்தாத எதையும் பிப் ஏற்காது. யூவி லாக்கில் ஹாஷ் தானாகவே இருக்கும்.

பூட்டிவிட்டு மறப்பதும் ஆபத்துதான். பாதுகாப்பு ஓட்டைகள் பழைய வெர்ஷன்களில் தங்கிவிடும். மாதம் ஒருமுறை, அவற்றைத் தேடும் 'பிப்-ஆடிட்' ஓட்டி, அது காட்டுவதை ஒவ்வொன்றாக உயர்த்துங்கள். 'பிப்-கம்பைல் --அப்கிரேட்-பேக்கேஜ் ஜிஞ்சா2' என்றால் ஜிஞ்சாவும் அதற்குத் தேவையானதும் மட்டும் நகரும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். யூவியிலும் 'யூவி லாக்' கமாண்டோடு இதே பெயரில் ஆப்ஷன் உண்டு. பிறகு கிட் டிஃப்பில் லாக் ஃபைலைப் பாருங்கள். ஒரு பேக்கேஜை உயர்த்தியதற்கு பன்னிரண்டு வரி மாறியிருந்தால், டெஸ்ட் ஓட்டுவதற்கு முன்பே ஏன் என்று கேட்க வேண்டும்.

பதிவே இல்லாத பழைய புராஜெக்ட்

லாக் இல்லை, ஃப்ரீஸ் இல்லை, பேக்கேஜ் பெயர்கள் மட்டும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஓடிய நிரலை இன்று ஓட்ட வேண்டும். எழுதியவரும் வேலை மாறிப் போயிருப்பார். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கிட் வரலாற்றில் அந்த நிரல் கடைசியாகச் சரியாக ஓடிய நாளைப் பிடியுங்கள், உதாரணமாக 2021 நவம்பர் 15. இம்போர்ட் வரிகளைப் பார்த்து நேரடிப் பேக்கேஜ்களை ஒரு 'இன்' ஃபைலில் எழுதுங்கள். பிறகு 'யூவி பிப் கம்பைல்' கமாண்டுக்கு '--எக்ஸ்க்ளூட்-நியூவர் 2021-11-15' என்று கொடுங்கள். அந்த நாளுக்குப் பின் பைபிஐயில் ஏறிய எதையும் கணக்கில் எடுக்காமல், அன்று இன்ஸ்டால் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைத் துல்லியமாகப் பட்டியலிடும். அன்றைய பைத்தானும் வேண்டும்: 'யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.9', பிறகு 'யூவி வென்வ் --பைத்தான் 3.9'. கம்பைல் செய்யும்போதும் '--பைத்தான்-வெர்ஷன் 3.9' சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் இன்றைய பைத்தானுக்கு வீல் தேடிப் போகும்.

பட்டியல் வந்ததும் 'யூவி பிப் சின்க்' ஓட்டி, நிரலை இயக்கிப் பாருங்கள். ஓடினால் அந்தப் பட்டியலை உடனே கிட்டில் கமிட் செய்யுங்கள். ஓடவில்லை என்றால் தேதியை ஒரு மாதம் முந்தைய நாளாக மாற்றி மீண்டும் கம்பைல் செய்யுங்கள்.